கர்ப்பப்பை இல்லாமல் பிறக்கும் பெண்கள்... தாம்பத்யம் சாத்தியமா? எம்.ஆர்.கே.ஹெச். என்றால் என்ன?

மார்பக வளர்ச்சி சரியாக இருக்கிறது. கூடப் படிக்கும் பெண்கள் எல்லோரும் வயசுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் 16 வயதாகியும் பீரியட்ஸ் வரவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், கர்ப்பப்பையே இல்லை என்கிறார் மருத்துவர். வீட்டில் அடுத்து எழும் கேள்வி, 'இனி கல்யாணம் எப்படி?' என்பதுதான்.

எம்.ஆர்.கே.ஹெச். என்றால் என்ன?

பாலின உறுப்புகளின் வளர்ச்சியில் பிறவியிலேயே ஏற்படும் வேறுபாடுகளில் இதுவும் ஒன்று. சுமார் 4,500 முதல் 5,000 பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது. கர்ப்பப்பை உருவாகியிருக்காது, யோனிப் பாதை சின்னக் குழி அளவில் நின்றிருக்கும். ஆனால் சினைப்பைகள் வழக்கம்போல வேலை செய்யும். குரோமோசோமும் எக்ஸ்.எக்ஸ்.தான்.

தாம்பத்யம் சாத்தியமா?

சாத்தியம்தான். கிளிட்டோரிஸ் உள்ளிட்ட வெளி உறுப்புகள் இயல்பாகவே இருப்பதால் ஆசை, கிளர்ச்சி, உச்சக்கட்டம் எல்லாமே உண்டு. யோனியின் நீளம் இதைத் தீர்மானிப்பதில்லை. டாக்டர் ரூமில்கூட இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் சோகம். உறவின்போது உள்நுழைவதில்தான் சிரமமும் வலியும் வரும்.

அதற்கு முதல் சிகிச்சை ஆபரேஷன் அல்ல. டைலேட்டர் எனப்படும் வழவழப்பான குழாயை தினமும் சில நிமிடங்கள் மெதுவாக அழுத்திப் பிடிக்க வேண்டும். சில மாதங்களில் பாதை நீளும். 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு இதுவே பலன் தருவதாக அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பான ஏ.சி.ஓ.ஜி. 2018இல் கூறியது. ஆரம்பிக்கும் நேரத்தை அந்தப் பெண்தான் முடிவு செய்ய வேண்டும். அம்மா கட்டாயப்படுத்தினால் வேலைக்கு ஆகாது.

'முகூர்த்தத்துக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணிடலாம்' என்று அவசரப்படும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலான ஆபரேஷன்களுக்குப் பிறகும், பாதை சுருங்காமல் இருக்க டைலேட்டரைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். கவுன்சிலிங்கும் சேர்ந்தால்தான் சிகிச்சை முழுமையாகும். 'நான் பெண்தானா?' என்ற கேள்வி மனசில் உறுத்திக்கொண்டிருக்கும்போது நெருக்கத்தை ரசிக்க முடியாது.

குழந்தை?

கருமுட்டை இருப்பதால் வாடகைத்தாய் மூலம் சொந்தக் குழந்தை பெற வாய்ப்புண்டு. இந்தியாவில் இதற்கு 2021ஆம் ஆண்டு சட்டத்தின் நிபந்தனைகள் பொருந்தும். 2014இல் ஸ்வீடனில், மாற்று கர்ப்பப்பை பொருத்தப்பட்ட எம்.ஆர்.கே.ஹெச். பெண் ஒருவர் குழந்தை பெற்றார்.

15 வயதாகியும் பீரியட்ஸ் வராவிட்டால் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். எம்.ஆர்.கே.ஹெச். என்று தெரிந்தால், சிறுநீரகத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சிலருக்கு ஒரு சிறுநீரகம் மட்டுமே இருக்கும்.