மனநோய்க்கு ஊர்ப்பெயர் வந்த வரலாறு

மலேசியாவில் வளர்ந்தவர் எவரிடமும் தஞ்சோங் ரம்புத்தான் என்று சொல்லிப் பாருங்கள். ஈப்போவுக்கு அருகில் ரயில் நிலையமும் கடைத்தெருவும் பள்ளிகளும் கொண்ட ஒரு சிற்றூர் அவர் நினைவுக்கு வருவதில்லை. ‘அவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டும்’ என்று ஒருவர் கூறினால் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே பொருளைத்தான் கொள்கின்றனர். இந்நாட்டின் மூன்று மொழிகளிலும் பொருள் வேறுபாடின்றி வழங்கும் மிகச் சில சொற்களுள் இதுவும் ஒன்று. ஓர் ஊரின் பெயர் எவ்வாறு ஒரு நோயின் பெயராயிற்று என்பதும், அந்த மாற்றத்தால் நாம் எதை இழந்தோம் என்பதும் இவ்வுரையின் பொருள்.

அவ்வூரில் மனநோய் மருத்துவமனை 1911-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பிரித்தானிய ஆட்சியாளர் அதற்கு இட்ட ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் ‘கூட்டரசுப் பித்தர் காப்பகம்’ என வரும். பித்தரைக் குறிக்க அவர்கள் ஆண்ட சொல் நிலவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. நிலவு அறிவைக் கலக்கும் என்பது பண்டை ஐரோப்பியர் நம்பிக்கை. தமிழில் நிலவும் மதி, அறிவும் மதி. ஒலியால் ஒன்றுபட்ட இச்சொற்கள் வேராலும் ஒன்றா என்பது வேறு வழக்கு. அதனை இங்கே எடுக்கவில்லை.

அக்காப்பகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டோரில் பலர் சுரங்கத்திலும் தோட்டத்திலும் உழைப்பதற்காகக் கடல் கடந்து வந்தவர்கள். காப்பகத்தை நகரினின்று விலகிய இடத்தில் அமைப்பது அக்கால வழக்கம். காற்றும் அமைதியும் நோயாளிக்கு நல்லவை என்ற மருத்துவக் காரணம் அதற்குண்டு. நோயாளி பிறர் கண்ணில் படலாகாது என்ற காரணமும் அதனோடு சேர்ந்தே இருந்தது. இரண்டாவது காரணமே மொழியில் நிலைத்தது. எவரும் போகாத, போனவர் திரும்பாத இடம் என்ற எண்ணம் அந்த ஊர்ப்பெயரின் மேல் படிந்தது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நிகழ்வன்று. சென்னையில் 1794-இல் தோன்றிய மனநோயர் காப்பகம் 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. அன்று முதல் கீழ்ப்பாக்கம் தமிழ்நாட்டார் வாயில் ஒரு வசையாயிற்று. இலங்கைத் தமிழர் அங்கொடை என்றால் அதே பொருள். சிங்கப்பூரில் 1928-இல் திறக்கப்பட்ட மருத்துவமனை 1951-இல் வுட்பிரிட்ஜ் என்று பெயர் மாற்றம் பெற்றது. மரப்பாலம் என்று பொருள்படும் அந்தக் குற்றமற்ற பெயரும் சில ஆண்டுகளில் வசையாகிவிட்டது. நான்கு நாடுகளில் நான்கு ஊர்ப்பெயர்களுக்கு ஒரே கதி நேர்ந்ததென்றால் அதனைத் தற்செயல் என்று தள்ளுவதற்கில்லை.

விடுதலை பெற்ற மலேசியா இப்பழியை நீக்கப் பெயர் மாற்றத்தையே நாடியது. தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை ‘பஹாகியா’ ஆயிற்று. மகிழ்ச்சி என்று பொருள். ஜொகூரில் தம்போய் மருத்துவமனை அழகைக் குறிக்கும் ‘பெர்மாய்’ என்றும், கூச்சிங்கில் உள்ளது அமைதியைக் குறிக்கும் ‘செந்தோசா’ என்றும், சபாவில் உள்ளது அன்புறவைக் குறிக்கும் ‘மெஸ்ரா’ என்றும் பெயர் தாங்கி நிற்கின்றன. நான்கும் இனிய சொற்கள். ஆயினும் வசைபாட விரும்புவோர் இன்றும் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்றே சொல்கின்றனர். பெயர்ப்பலகை மாறிய வேகத்தில் வாய் மாறாது. நான் வாழும் ஸ்ரீ கெம்பாங்கானும் அவசரகாலத்தில் அமைந்த செர்டாங் புதுக்கிராமந்தான். முதியவர்களுக்கு அது இன்றும் செர்டாங்.

அப்படியானால் காப்பகங்கள் தோன்றுவதற்கு முன் தமிழர் உள்ளத் துயரை எச்சொற்களால் சுட்டினர்? தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. மெய்ப்பாடு என்னும் சொல்லாட்சியே நின்று நோக்கத்தக்கது: உள்ளத்தில் எழுந்தது மெய்யின்கண் தோன்றுதல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்த ஆசிரியர் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் காட்டுகிறார். இலக்கிய மாணவர் இதனைச் செய்யுள் உறுப்பாக மட்டும் படித்துத் தேர்வெழுதி விடுகின்றனர். அழுகைக்கு அவர் கூறும் நான்கையும் சற்று நிறுத்திப் படித்தல் வேண்டும். பிறரால் இகழப்படுதலாகிய இளிவு, உற்றாரையும் உடைமையையும் இழத்தலாகிய இழவு, முன்னிருந்த நிலை கெட்டுத் தளர்தலாகிய அசைவு, வறுமை. நால்வகையும் அழுபவருக்கு வெளியே, அவர் வாழும் வாழ்வில் நிகழ்பவை. அழுகை அவருடைய மூளைக் கோளாறாகவோ குலக் குறையாகவோ அங்கே கூறப்படவில்லை.

எட்டின் பின்னர் ஆசிரியர் அடுக்கும் பிற மெய்ப்பாடுகளில் மடிமை, கையாறு, இடுக்கண், ஐயம், நடுக்கு என்பனவும் உள்ளன. கையாறு என்பதை இன்று யாரும் பேச்சில் ஆள்வதில்லை. இறந்தாரைப் பாடும் கையறுநிலையில் மட்டும் அதன் நிழல் எஞ்சியுள்ளது. செயலற்றுப் போதல் என்பதே அதன் பொருள். காலையில் படுக்கையை விட்டு எழ மனமின்றி, விரும்பிய வேலையிலும் நாட்டமின்றிக் கிடக்கும் ஒருவருடைய நிலையை இத்துணைச் சுருக்கமாக உரைக்கும் சொல் வேறு மொழிகளில் எளிதில் அகப்படாது.

உடலும் உள்ளமும் பிரியாத இந்த நோக்கு நம் பேச்சுத் தமிழில் இன்றும் உயிருடன் இருக்கிறது. நெஞ்சு அடைக்கிறது, வயிறு எரிகிறது, ஈரக்குலை நடுங்குகிறது என்கிறோம். மலாய் மொழியிலும் ஈரலே உணர்வின் இருப்பிடம். ‘ஹாத்தி’ என்றால் ஈரல். ‘சாக்கிட் ஹாத்தி’, நோகும் ஈரல், மனக்கசப்பு. ‘கெச்சில் ஹாத்தி’, சிறிய ஈரல், மனத்தாங்கல். ஆதலின் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு தமிழ்த்தாய் மருத்துவரிடம் சென்று நெஞ்சை அடைக்கிறது என்றால் அவர் இதயத்தைச் சோதித்துப் பார்த்துக் குறையில்லை என்று அனுப்பிவிடுவதோடு கடமை முடிவதில்லை. அப்பெண் தன் மொழியில் தன் துயரைத் தெளிவாகவே சொல்லிவிட்டாள். இதயத்தைச் சோதித்தது சரியே. அதன்பின் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்காமல் விட்டதுதான் குறை.

சங்கப் பாடல்களில் இத்தகைய பிழைபட்ட நோய்க்கணிப்பு ஒரு துறையாகவே வளர்ந்துள்ளது. மகள் உண்ணாமல் உறங்காமல் மெலிகிறாள். அணங்கு தாக்கியதென்று எண்ணிய தாய் வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். உண்மைக் காரணத்தை அறிந்தவள் தோழி ஒருத்தியே. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு, 261 அடி, இச்சூழலில் தோழி தாயிடம் பேசும் பேச்சு. நம் வகுப்பறைகளில் அப்பாட்டு ஒரு பூப்பட்டியலாகச் சுருங்கிவிட்டது. தொண்ணூற்றொன்பது மலர்ப் பெயர்களை மனப்பாடம் செய்த மாணவருக்கு அது எதற்காகப் பேசப்பட்டது என்பது தெரிவதில்லை. தோழி வேலனைப் பழிக்காமல், தாயையும் இகழாமல், நடந்ததை முதலிலிருந்து நிதானமாக எடுத்துரைக்கிறாள். நோயுற்றவள் சார்பில் அவளை நன்கறிந்த ஒருத்தி பேசும் அக்காட்சி தமிழில் மிகப் பழைய மனநலப் பாடம் என்பது என் கருத்து.

பித்து என்னும் சொல்லின் போக்கு வேறு. வளி, பித்தம், ஐயம் என்னும் மூன்றின் சமனிலை குலைவதே நோய் என்ற மருத்துவக் கொள்கையில் பித்தம் மிகுந்தால் அறிவு கலங்கும். அங்கிருந்து பித்து, பித்தன், பைத்தியம் என்னும் சொற்கள் பெருகின. இகழ்ச்சி அவற்றில் தொடக்கத்திலேயே முழுமையாகக் குடியேறவில்லை. சுந்தரர் தம் முதற் பதிகத்தில் இறைவனை அச்சொல்லாலேயே விளித்தார். அவ்விளி பத்தியின் உச்சமாகக் கொள்ளப்பட்டது. கடவுளுக்கும் பொருந்திய சொல், காப்பகம் வந்தபின் கடவுளை விட்டு நோயாளியிடம் மட்டும் தங்கிற்று. பின்னாளில் ‘மெண்டல்’ அதற்குத் துணையாக வந்தது. இடைவேளையில் பள்ளித் திடலருகே நின்று கேட்டால் அச்சொல் எத்துணை எளிதாகப் பிள்ளைகள் வாயிலிருந்து விழுகிறது என்பது விளங்கும்.

அலுவல் தமிழில் நாம் இன்று ஆளும் ‘மனநலம்’ புதுச்சொல் என்று பலரும் கருதுகின்றனர். அது திருக்குறளில் உள்ள சொல். சிற்றினம் சேராமை என்னும் 46-ஆம் அதிகாரத்தில் அடுத்தடுத்து வருகிறது. வள்ளுவர் கருதியது மனத்தின் தூய்மை, நோயின்மையன்று. இவ்வேறுபாட்டை மறைத்து, உளவியல் முழுவதும் குறளில் உண்டு என்று மேடையில் முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. அங்கே மனநலம் தனித்து நிற்கவில்லை. இனநலம் என்னும் சொல்லோடு இணைந்தே வருகிறது. மனநலம் நன்கு வாய்த்த சான்றோர்க்கும் சூழ்ந்திருக்கும் இனத்தின் நலமே காவல் என்பது அவர் கருத்து. நாம் இணையில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டோம். மற்றதை ஏட்டிலேயே விட்டுவிட்டோம்.

ஆளுமை என்னும் சொல்லிலும் இதே நிகழ்ந்தது. ஐரோப்பிய மொழிகளில் அதற்கு நேரான சொல் நாடக முகமூடியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிறர்முன் தோன்றும் முகம் என்பது அதன் அடிப்படை. தமிழர் ‘ஆள்’ என்னும் வினையிலிருந்து சொல்லைப் படைத்துக்கொண்டனர். தன்னை ஆள்தல் அதன் உட்கிடை. ஆனால் மக்கள் வழக்கில் ‘குணம்’ என்பதே வாழ்கிறது. அவன் குணம் நல்லது என்கிறோம்; காய்ச்சல் குணமாயிற்று என்றும் சொல்கிறோம். இயல்பும் நலமீட்சியும் ஒரே சொல்லில் அடங்கும் இந்த வழக்கு எந்தக் கலைச்சொல் குழுவும் திட்டமிட்டு உண்டாக்க முடியாதது.

இனி அழுகையின் நான்கு நிலைக்களன்களை நம் வரலாற்றின்மேல் வைத்துப் பார்க்கலாம். கங்காணி வழி வந்த முதல் தலைமுறைக்கு இழவும் வறுமையும் ஊரிலேயே தொடங்கிவிட்டன. இளிவு தோட்டத்தில் காத்திருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புத் திட்டங்களாகவும் கோல்ஃப் திடல்களாகவும் மாறியபோது நிகழ்ந்தது அசைவு. லயத்து வீடு வசதியற்றதுதான். எனினும் அதனைச் சுற்றிக் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் அண்டை வீட்டாரும் இருந்தனர். அடுக்குமாடி வீட்டுக்கு மாறிய குடும்பங்கள் பல, குழாய் நீரும் மின்சாரமும் பெற்று இனநலத்தை இழந்தன. அதனைப் பொருளியல் கணக்கு பதிவுசெய்வதில்லை.

நோய்க்கணக்கு ஓரளவு பதிவுசெய்கிறது. மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி 2019-இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினர் மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். 2023-இல் அது 4.6 விழுக்காடு, ஏறத்தாழ பத்து இலட்சம் பேர். பதின்மவயதினரிடையே 2022-இல் நடந்த ஆய்வில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டன. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் பத்துப்பேர் என்று ஆசிரியர்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அப்பத்துப்பேருக்கும் தம் நிலையைச் சொல்லத் தமிழில் என்ன சொல் இருக்கிறது? நம் செய்தித்தாள்கள் ‘மன அழுத்தம்’ என்ற ஒன்றையே எங்கும் ஆள்கின்றன. தேர்வுக்கு முந்தைய நாளின் பரபரப்பும் மன அழுத்தம். பல வாரங்களாக உணவும் உறக்கமும் கெட்டு வாழ்வே வெறுத்துப்போன நிலையும் மன அழுத்தம். முன்னது தேர்வு முடிந்ததும் தீரும். பின்னது மருத்துவம் வேண்டும் நோய். இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கும்வரை, ‘எல்லாருக்கும் உள்ளதுதானே’ என்ற மறுமொழி தவிர்க்க முடியாதது. இலங்கைத் தமிழர் இங்கு நம்மினும் முன்னே நிற்கின்றனர். நீண்ட போரின் துயரினூடே அங்குள்ள மருத்துவர்களும் ஆசிரியர்களும் உளநெருக்கீடு வேறு, மனச்சோர்வு வேறு, மனவடு வேறு எனப் பிரித்து வழங்கப் பழகிவிட்டனர்.

சட்டம் சொல்லை முந்திய இடமும் ஒன்றுண்டு. உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை விதிக்க இடந்தந்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நம் நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது. துயருற்றவர் இனிக் குற்றவாளி அல்லர். ஆனால் நாம் வழங்கும் சொல்லின் பாதியில் ‘கொலை’ இன்னும் அமர்ந்திருக்கிறது. செய்தி எழுதுவோர் ‘உயிரை மாய்த்துக்கொண்டார்’ என்று எழுதினால் பொருள் குறைவதில்லை. குற்றச்சாட்டு மட்டும் குறைகிறது. கோலாலம்பூரில் 1970 முதல் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு, துயருற்றோர் தொலைபேசியில் பேசுவதைத் தீர்ப்புக் கூறாமல் செவிமடுப்பதையே தன் பணியாகக் கொண்டது. நண்பராகுதல் என்பதே அதன் பெயரின் பொருள்.

இங்குதான் பள்ளிகளுக்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. நாம் ஆலோசனை அறை என்கிறோம். ஆலோசனை என்றால் அறிவுரை. அவ்வறைக்கு அனுப்பப்படும் பிள்ளை தவறு செய்துவிட்டதாகவே பிற பிள்ளைகள் எண்ணுகின்றனர். இலங்கையில் இதற்கு வழங்கும் சொல் ‘உளவளத்துணை’. பஹாகியா முதலிய பெயர்கள் கட்டடத்துக்குச் சூட்டப்பட்டவை; ஆகையால் கட்டடத்தின் பழி அவற்றையும் தொற்றிக்கொண்டது. துணை என்பது கட்டடத்தைக் குறியாது. உடனிருக்கும் ஆளைக் குறிக்கும். குறிஞ்சிப்பாட்டுத் தோழிக்கும் பொருந்தும் சொல் அது. ஆலோசனை அறை என்று எழுதிய கதவைத் தட்டத் தயங்கும் மாணவர் உளவளத்துணை என்று எழுதிய கதவைத் தட்டுவாரா என்பதை எந்த மொழியியலாரும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஒரு பலகையை மாற்றி எழுதிப் பார்க்க ஆகும் செலவு சிறிதே.