செல்லுலார் சிறையின் கழிப்பறை நேரமும் மலச்சிக்கல் மதிப்பீடும்

நோயாளியின் மலச்சிக்கலைப் படிவம் வைத்து மதிப்பிடும் வழக்கம் மிக அண்மைக் காலத்தது. 1989இல் அமெரிக்காவில் மக்மிலனும் வில்லியம்ஸும் எட்டுக் கூறுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டனர். அது வந்துவிட்ட சிக்கலின் கடுமையை அளந்தது. வரக்கூடிய இடரை அளக்கும் முயற்சி பிந்தையது. பிரிட்டனில் ரிச்மண்டும் ரைட்டும் இந்நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் உருவாக்கிய அளவுகோல், உணவு, நீர், நடமாட்டம், மருந்து ஆகியவற்றோடு, நோயாளிக்கு வாய்த்த கழிப்பிட வசதியையும் கணக்கில் சேர்த்தது. வரலாற்று மாணவர் நின்று கவனிக்க வேண்டியது இந்தக் கடைசிக் கூறைத்தான். அந்தமானில் அது சிறை விதியாகவே இருந்தது.

1896இல் தொடங்கி 1906இல் முடிந்த செல்லுலார் சிறை, ஏழு சிறகுகளில் ஆளுக்கொரு கொட்டடி என்ற திட்டத்தில் எழுந்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ பதின்மூன்றரை அடி நீளம், ஏழரை அடி அகலம். கொட்டடிக்குள் கழிப்பறை கிடையாது. 1911 ஜூலையில் அங்கே அடைக்கப்பட்ட சாவர்க்கர், 1927இல் வெளிவந்த தம் மராத்திய நினைவுநூலில் இதை விரிவாக எழுதுகிறார். காலை, நண்பகல், மாலை ஆகிய வேளைகளில் மட்டுமே கழிப்பறைக்கு அனுமதி. இரவு முழுவதற்கும் ஒரு சிறு மண்கலயம். அதுவும் சிறுநீருக்கு மட்டும். வேளை தவறி வயிறு அழைத்தால் காவலாளியிடம் கெஞ்ச வேண்டும். சுவரோடு சேர்த்து நின்றபடி விலங்கிடப்பட்டவருக்கு அதற்கும் வழியில்லை.

அரசியல் கைதிகளின் நினைவுநூல்களைத் தற்பெருமைக்கு இடம் விட்டே படிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் மலம் அடக்கிய கதையில் வீரம் ஏதுமில்லை. அதனாலேயே இச்சாட்சியம் நம்பத்தக்கது.

அடக்குவதன் விளைவை உடலியல் தெளிவாகச் சொல்கிறது. தங்கிய மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இறுகும். அடக்குவது வழக்கமானால் மலக்குடலின் உணர்வே மழுங்கும். இதனோடு நாளொன்றுக்கு முப்பது பவுண்டு தேங்காய் எண்ணெய் என்ற செக்கு வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வியர்வையில் போன நீருக்கு ஈடாகக் குடிநீர் தாராளமாகக் கிடைக்கவில்லை. (செக்கு என்றதும் தமிழருக்கு வ.உ.சி. நினைவுக்கு வருவார். 1908இல் அவருக்கு முதலில் விதிக்கப்பட்டதும் நாடுகடத்தல்தான். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்ததால் அவர் தீவைக் காணவில்லை.) இன்றைய செவிலியர் படிவத்தில் நிரப்பினால் கூறுக்குக் கூறு மதிப்பெண் ஏறும். நடமாட்டம் என்ற ஒரு கூறில் மட்டும் பகலில் கைதிக்கு இடர் குறைவாக வரக்கூடும்; அந்த நடமாட்டமும் செக்கைச் சுற்றித்தான்.

காலனியச் சிறை மருத்துவ அறிக்கைகள் சீதபேதியை எண்ணின, மலேரியாவை எண்ணின, சாவுகளை எண்ணின. மாலையில் எண்ணெயையும் நிறுத்துப் பார்த்தார்கள். மலச்சிக்கல் அந்தக் கணக்குகளில் ஏறும் வகையைச் சேர்ந்ததன்று. அது பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை, வேலையை உடனே நிறுத்துவதுமில்லை. காய்ச்சலுக்கு வெப்பமானி சாட்சி சொல்லும். வயிற்று வேதனைக்குக் கைதியின் வாய்ச்சொல் மட்டுமே சாட்சி; அச்சொல்லைப் பாசாங்கு என்று தள்ளுவது சிறை அதிகாரிகளுக்கு எளிதாக இருந்தது.

ஏழு சிறகுகளில் மூன்றே இன்று நிற்கின்றன. அதே வளாகத்தில் 1963இல் கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனை அமைந்தது. இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் முதியவர், பெட்பேன் கேட்கக் கூசி விடியும்வரை அடக்கிக்கொள்வது உலகின் எந்த வார்டிலும் நடப்பது. அவரிடம் செவிலியர் வழக்கமாகக் கேட்பது "இன்று மலம் போனதா?" என்பதே. போக வேண்டும் என்று தோன்றியபோது யாரைக் கூப்பிட்டார், எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதற்குப் பல படிவங்களில் இன்னும் கட்டம் இல்லை.