எருக்குழியும் குப்பைமேடும்

தஞ்சைத் தரணியிலே குப்பை என்பது இழிசொல் அன்று. "குப்பை அடித்தாயிற்றா?" என்று உழவர் கேட்டால், வயலுக்கு எரு இட்டாயிற்றா என்பதே பொருள். சாணமும் சாம்பலும் கூளமும் கொல்லைக் குழியிலே மக்கி, கோடையிலே வண்டியேறி வயல் சேரும். நெல்லாய் வந்தது நிலத்துக்கே மீண்டது.

1865-ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தையொட்டி, 1866-இல் தஞ்சையும் குடந்தையும் நகராட்சிகள் ஆயின. வீட்டுக் குப்பை வீதிக்கு வந்தது. வீதியிலிருந்து ஊர்ப்புறம் போயிற்று. யார் தலையில் ஏறி? காவிரியின் பெருமை பேசிய ஊர், கழிவு சுமக்க ஒரு பிறப்பைக் குறித்து வைத்தது! பள்ளியிலே அரசர் பெயர்களை அடுக்கிச் சொல்லும் நாம், அள்ளியவர் பெயரில் ஒன்றையேனும் சொன்னதுண்டா? மலத்தை மனிதன் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993-இல் தான் பிறந்தது. அது போதாதென்று 2013-இல் மற்றொன்று.

நகரக் கழிவையும் எருவாக்கலாம் என்று 1939-இலேயே 'பெங்களூர் முறை' காட்டிற்று: குழியிலே அடுக்கு; மண்ணால் மூடு; மக்கவிடு. ஆயினும் சென்னை பள்ளிக்கரணைச் சதுப்பிலே கொட்டிற்று; தஞ்சை ஜெபமாலைபுரத்தில் மேடு வளர்த்தது.

ஆலப்புழையோ வேறு வழி சென்றது. சர்வோதயபுரத்து மக்கள் குப்பை வண்டிகளை மறித்தனர். போக்கிடமற்ற நகரம், 2012 முதல் வீடுதோறும் பகுதிதோறும் மக்கவைக்கத் தொடங்கிற்று. புனேயிலே குப்பை பொறுக்கியோரே 'சுவச்' எனும் கூட்டுறவு கண்டு, 2008-இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்தனர். அடையாள அட்டையோடு வாசலில் நின்று, குப்பையை வாங்கினர். அதற்குரிய கட்டணத்தையும் கேட்டு வாங்கினர்.