மானூர்க் கல்வெட்டும் சபை நிர்வாகமும்

மானூர்க் கல்வெட்டு என்பது பாண்டிய மன்னன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட ஊர்ச்சபைத் தீர்மானம் ஆகும். காலம் ஏறத்தாழ கி.பி. 800. வாசுதேவநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்குப் பேருந்தில் செல்வோர் கடந்து போகும் மானூரில், அம்பலவாணசுவாமி கோயிலில் இக்கல்வெட்டு உள்ளது. அக்காலத்தில் ஊரின் பெயர் மானநிலைநல்லூர். களக்குடி நாட்டைச் சேர்ந்த பிரமதேயம்.

பழைய நூல்களிலிருந்து நிர்வாகப் பாடம் எடுப்பது இப்போது பரவலாகியுள்ளது. அர்த்தசாஸ்திரத்தின் ஓலைச்சுவடி 1905இல் மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்குக் கிடைத்து, சாமா சாஸ்திரி அதை 1909இல் அச்சேற்றினார். இன்று அந்நூலும் கீதையும் திருக்குறளும் மேலாண்மைப் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. ஆனால் ஒரு நூல் 'இப்படி நடக்க வேண்டும்' என்று சொல்வது வேறு. ஓர் ஊரார் கூடி, சாத்திரப் படிப்பைத் தகுதியாக வைத்து, மீறினால் இவ்வளவு தண்டம் என்று கல்லில் வெட்டி வைப்பது வேறு. பின்னதைப் படித்தால்தான் அந்த அறிவு நடைமுறையில் என்ன வேலை செய்தது என்பது தெரியும். அந்த வகையில் மானூர்க் கல்வெட்டு நம் வட்டாரத்துக்குக் கிடைத்த அரிய சான்று.

சபையில் யார் அமரலாம் என்பதே தீர்மானத்தின் முதற்பகுதி. ஊரில் நிலப்பங்கு உடையவரின் பிள்ளைகளுள் ஒரு பங்குக்கு ஒருவரே அமரலாம். அவர் நல்லொழுக்கம் உடையவராகவும், மந்திர பிராமணமும் ஒரு தரும நூலும் கற்றவராகவும் இருக்க வேண்டும். விலைக்கு வாங்கிய பங்குக்கு விதி இன்னும் கடுமை: ஒரு வேதம் முழுவதையும் அதன் பரிசிட்டங்களுடன் ஆராய்ந்து கற்றவரே அமர முடியும். பரம்பரையாக வந்தவனுக்குக் குறைந்த படிப்பு, புதிதாக வந்தவனுக்குக் கூடுதல் படிப்பு! குடும்ப நிறுவனங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்ற கணக்கில் உறுப்பினர் ஆக இயலாது. முழு உறுப்பினர் அல்லாதவர் எந்த வாரியத்திலும் இடம்பெற முடியாது. சபையில் இருந்து காரியம் பேசுவதை அக்காலத்தில் 'மன்றாடுதல்' என்றனர். இன்று அச்சொல் கெஞ்சுவதைக் குறிக்கிறது. மன்றத்தில் பேசும் உரிமையைக் குறித்த சொல் இப்படி இறங்கிப் போனதை மொழியாசிரியர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

கல்வெட்டின் மிகச் சுவையான பகுதி அடுத்து வருகிறது. தகுதி பெற்று அமர்ந்த உறுப்பினர், வருகிற ஒவ்வொரு காரியத்துக்கும் 'இல்லை, இல்லை' என்று முட்டுக்கட்டை போடக் கூடாது. போட்டால் அவரும், அவருக்குத் துணை நிற்பவர்களும் ஒவ்வொரு காரியத்துக்கும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். கட்டிய பிறகும் அதே விதிக்குக் கட்டுப்பட்டே இருக்க வேண்டும். நான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்த ஆசிரியர் கூட்டங்களில் இப்படிப்பட்ட ஒருவராவது இல்லாத கூட்டம் கிடையாது. எனவே இந்த விதியைப் படித்ததும் மகிழத் தோன்றும்.

சற்று நிதானிக்க வேண்டிய இடமும் இதுவே. ஓயாத தடையையும் நியாயமான மறுப்பையும் பிரித்துச் சொல்பவர் யார்? அதே சபைதான். பெரும்பான்மையினர் நினைத்தால் உண்மையைச் சொல்லும் ஒருவரையும் ஐந்து காசில் அடக்கிவிடலாம். துணை நிற்பவருக்கும் தண்டம் என்பதால், சரியென்று பட்டாலும் ஆதரிக்க அஞ்சுவர். இவ்விதியை ஒருமித்த முடிவுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

இந்தக் குறையை ஈடுகட்டும் வழிகளை, ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் காணலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் எழுதப்பட்டவை அவை. முப்பது குடும்புகளிலும் குடவோலை முறையில் தேர்வு. வாரியத்தில் இருந்தவர் மூன்று ஆண்டு கழித்தே மீண்டும் வரலாம். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. மானூர்ச் சபை வாயை அடக்கப் பார்த்தது. உத்திரமேரூர்ச் சபை கையைக் கட்டியது. இரண்டாவதே நல்ல நிர்வாகம் என்பேன்.

இரண்டு ஊரிலும் சபை என்பது நிலமுடைய பிராமண ஆண்களின் சபை. உழுதவருக்கும் குளம் வெட்டியவருக்கும் அதில் இடமில்லை. மானூரில் சீதனமாக வந்த பங்கும் உறுப்பினர் ஆகும் தகுதியைத் தந்தது. ஆனால் பெண் கொண்டுவந்த நிலத்தின் பேரில் சபையில் அமர்ந்தவர் ஆண். தமிழ்நாட்டில் 2016இல் நிறைவேறிய சட்டத்திருத்தத்தின்படி உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியது. வாசுதேவநல்லூர் பேரூராட்சிக்கும் அதுவே விதி.