இரட்டை எஞ்சின் படகும் ராஜுலா கப்பலும்

'பழையதைச் சீர் செய்து வைத்துக் கொள்வதா, தள்ளிவிட்டுப் புதிது வாங்குவதா?' இதுதான் இன்றைய கேள்வி. பேசியவர்கள் வீட்டைச் சொன்னார்கள், காரைச் சொன்னார்கள். நான் படகைச் சொல்ல வந்திருக்கிறேன். அதிலும் இரண்டு எஞ்சின் பூட்டிய பழைய படகு. நம்முடைய சரித்திரத்தில் அதற்கு ஒரு பெரிய இடம் உண்டு.

கேரித் தீவை எடுத்துக் கொள்ளுங்கள். பந்திங் போகும் சாலையில் திரும்பி, லங்காட் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் தீவு. இன்று ஞாயிற்றுக்கிழமை காரில் போய் நண்டும் இறாலும் சாப்பிட்டுவிட்டு மாலையில் வீடு திரும்புகிறோம். எட்வர்டு வேலன்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயர்தான் அந்தத் தீவுக்கு நிலைத்துவிட்டது. அவருக்கு முன்பே அங்கே வாழ்ந்தவர்கள் மா மெரி பூர்வக்குடிகள். அலையாத்திக் காட்டையும் சதுப்பையும் திருத்தி, வாய்க்கால் வெட்டி, கடல்நீர் ஏறாமல் வரப்புப் போட்டு உண்டாக்கிய தோட்டம் அது. அந்த உழைப்பில் நம் முன்னோர்களின் பங்கு எவ்வளவு என்று தீவின் தமிழ்ப்பள்ளிகளே சொல்லும்.

பாலம் வருவதற்கு முன் அங்கே எப்படிப் போனார்கள்? தீவு என்றால் படகுதான். அரிசி மூட்டையும் படகில்தான் போக வேண்டும், நோயாளியும் படகில்தான் வர வேண்டும். அங்கே படகைப் பராமரிப்பது பொழுதுபோக்கு அல்ல, உயிர்ப் பிரச்சினை!

சரி, ஒரு எஞ்சின் போதாதா, இரண்டு எதற்கு? ஒன்று நின்றாலும் இன்னொன்று கரை சேர்க்கும் என்பது எல்லாரும் அறிந்த காரணம். இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு விசிறிகளும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் ஓட்டினால், குறுகலான ஆற்றிலும் படகு நின்ற இடத்திலேயே திரும்பிவிடும்.

ஆனால் வசதி இரண்டு மடங்கு என்றால் வேலையும் இரண்டு மடங்கு. எண்ணெய், வடிகட்டி, பேட்டரி எல்லாமே இரண்டிரண்டு. வெளித்தண்ணீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர வைக்கும் பம்புக்குள் ஒரு ரப்பர்ச் சக்கரம் இருக்கும். லங்காட் ஆற்றின் கழிமுகச் சேறு அதை அரித்தே தீர்த்துவிடும். சில வெள்ளி பெறும் அந்த ரப்பரைக் கவனிக்காமல், பல்லாயிரம் வெள்ளி எஞ்சினைச் சூட்டில் பறிகொடுத்தவர்கள் உண்டு. உப்புநீரில் உலோகம் அரிபடாமல் இருக்க அடியில் துத்தநாகக் கட்டி பொருத்துவார்கள். அது தன்னை அழித்துக் கொண்டு மற்ற உலோகத்தைக் காப்பாற்றும். கரைந்ததும் புதிது மாட்ட வேண்டும். மரப்படகு என்றால் கப்பல் புழு வேறு. வெளியே பலகை வழவழப்பாக இருக்கும். உள்ளே துளைத்துத் தின்றிருக்கும்.

அதனால்தான் பழைய படகைச் சீர் செய்யத் தெரிந்தவர் முதலில் பெயிண்ட் டப்பாவைத் தொட மாட்டார். சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டிக் கேட்பார். முதலில் உடல், பிறகு எஞ்சின், கடைசியில்தான் வர்ணம். இந்த வரிசையை மாற்றியவர்கள் பணத்தைத் தண்ணீரில் போட்டவர்கள்.

இன்னொன்று. எஞ்சின் இரண்டு இருந்தும் டீசல் தொட்டி ஒன்றே என்றால் என்ன ஆகும்? தொட்டியில் தண்ணீர் கலந்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். இதை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

இங்கிலாந்தில் ஒரு படகு இருக்கிறது. பெயர் எம்.டி.பி. 102. 1937-இல் வாஸ்பர் நிறுவனம் கட்டிய 68 அடி மரப்படகு. மூன்று இத்தாலிய பெட்ரோல் எஞ்சின்கள் பூட்டிய போர்ப் படகு. 1940-இல் டன்கிர்க் கடற்கரையில் சிக்கிய படை வீரர்களை மீட்கப் பலமுறை கடலைக் கடந்து போய் வந்தது. போருக்குப் பின் தனியார் கைக்குப் போனது. 1970-களில் நார்ஃபோக் பகுதிக் கடல் சாரணர்களிடம் வந்து சேர்ந்தது. 1976-இல் வெளிவந்த 'தி ஈகிள் ஹேஸ் லேண்டட்' படத்திலும் இடம் பெற்றது. எஞ்சின்களை மாற்றினார்கள், பலகைகளை மாற்றினார்கள். இன்று ஓர் அறக்கட்டளை அதைக் காத்து வருகிறது. கட்டியபோது நீண்ட நாள் உழைக்கும் என்று யாரும் எதிர்பாராத மரப்படகு இன்னும் மிதக்கிறது!

இப்போது நம் கதைக்கு வருவோம். நமக்கு இரட்டை எஞ்சின் கப்பல் ஒன்று இருந்தது. பெயர் ராஜுலா. பெயரைக் கேட்டதும் சில பெரியவர்களின் கண் கலங்கும். 1926-இல் கிளாஸ்கோவில் பார்க்லே கர்ல் நிறுவனம் கட்டியது. இரண்டு நீராவி எஞ்சின்கள், இரண்டு விசிறிகள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றி, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று இறக்கிச் செல்லும். மேல்தளப் பயணிகள் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல் ஏற்ற அதற்கு இடம் இருந்தது. பாய் விரித்த இடம்தான் படுக்கை. போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாறிய அதே இடம். கேரித் தீவுக்கு எதிரிலேயே இருக்கிறது.

ராஜுலாவின் உடன்பிறப்பு ரோனா. அதுவும் இரட்டை விசிறிக் கப்பல்தான். 1943 நவம்பர் 26-ஆம் நாள், அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மானிய விமானம் ஏவிய குண்டுக்கு இரையானது. இறந்தவர்கள் 1,100-க்கும் மேல். பெரும்பாலோர் அமெரிக்க வீரர்கள். ராஜுலாவும் போரில் படைகளை ஏற்றியது. ஆனால் தப்பித்து, மறுபடி நம் மக்களிடமே வந்து சேர்ந்தது.

நாற்பத்தேழு ஆண்டுகள் அந்த எஞ்சின்கள் ஓடின. சும்மா ஓடுமா? இடைவிடாமல் எண்ணெய் விட்ட கைகளும், கொதிகலனைச் சுரண்டிச் சுத்தம் செய்த கைகளும் இருந்ததால்தான் ஓடின. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்களின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

1973-இல் ராஜுலா இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்கப்பட்டு, ரங்கத் என்று பெயர் மாறியது. 1974-இல் பம்பாயில் உடைக்கப்பட்டது. பின்னர் இதே தடத்தில் வந்த சிதம்பரம் கப்பல் 1985-இல் தீப்பிடித்தது, பயணிகள் உயிரிழந்தார்கள். அந்தக் கப்பலின் பயணமும் அத்தோடு முடிந்தது.

எட்டாயிரம் டன் கப்பலைக் கட்டிக் காக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அறுபத்தெட்டு அடிப் படகுக்கே ஓர் அறக்கட்டளை தேவைப்படுகிறது. ராஜுலாவை உடைத்ததை நான் குறை சொல்லவில்லை. இரும்புக்கு ஆயுள் உண்டு. ஆனால் அந்த இரும்போடு சேர்த்து நினைவையும் உடைக்க விட்டோமே, அதுதான் என் ஆதங்கம்.

இப்போது அந்த டீசல் தொட்டிக்கு வருகிறேன். நம்முடைய நினைவு முழுவதும் ஒரே தொட்டியில் இருக்கிறது. தாத்தா, பாட்டியின் வாய்தான் அந்தத் தொட்டி. அது வற்றினால் எத்தனை எஞ்சின் இருந்தும் பயனில்லை. இரண்டாவது தொட்டி வேண்டும். எழுத்தில் வேண்டும், படத்தில் வேண்டும், ஒலிப்பதிவில் வேண்டும்.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், தடுப்பூசிச் சான்று ஏதாவது இருந்தால் எடுத்து வைத்து, யாருடையது, எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். பெரியவர்களிடம் எந்தத் துறையில் ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள், எந்தத் தோட்டத்துக்குப் போனீர்கள் என்று இந்த வாரமே கேளுங்கள். ஆற்றங்கரையில் சேற்றில் கிடக்கும் பழைய படகு ஒன்று கண்ணில் பட்டால், விறகுக்குப் போகும் முன் ஒரு படமாவது எடுங்கள்.

பழுது பார்ப்பது என்பது பழமைவாதம் அல்ல, நேயர்களே. அடுத்த பயணத்துக்கு ஆயத்தம்!