நடுவில் நிற்க வேண்டிய 'கோ'

கோபாலபுரம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்தில் 'க' நடுவே நிற்கிறது. இடப்பக்கம் இரட்டைக் கொம்பு, வலப்பக்கம் கால். பல்லக்குத் தூக்கிகள் மாதிரி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு நொடியில் எழுதிவிடும். ஆனால் இதே எழுத்து எல்லா பிரவுசரிலும் ஒழுங்காகத் தெரிவதற்குள் ஒரு யுத்தமே நடந்து முடிந்தது.

யுத்தம் 'நடு' எங்கே என்பதில்தான் ஆரம்பித்தது. பழைய அச்சகங்களில் தலைப்பை நடுவில் வைக்க, கம்பாசிட்டர் இரண்டு பக்கமும் சமமாக வெற்று ஈயக்கட்டைகளைச் செருகுவார். தாளின் அகலம் அவருக்குத் தெரியும். இணையப் பக்கம் செய்கிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உங்கள் திரை சின்னதா, பெரிசா? அவருக்கு எப்படித் தெரியும்? 'நடுவில் வை' என்று உத்தரவு மட்டும் எழுதி அனுப்புகிறார். அளந்து வைப்பது பிரவுசரின் வேலை.

1994 கடைசியில் வந்த நெட்ஸ்கேப், 'சென்டர்' என்று ஒரு கட்டளையைத் தன்னிஷ்டத்துக்குச் சேர்த்துக்கொண்டது. ஜனங்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. 1996 டிசம்பரில் சி.எஸ்.எஸ். என்ற அலங்கார விதிகள் வந்தன. நார்வேக்காரர் ஹோகன் லீ, நெதர்லாந்தின் பெர்ட் பாஸ் இருவரும் உருவாக்கியது. அதன்படி ஒரு பெட்டியை நடுவில் நிறுத்த, இரு பக்க ஓரங்களையும் 'ஆட்டோ' என்று விட்டால் போதும். மிச்ச இடத்தை பிரவுசரே சமமாகப் பங்கு போடும்.

ரொம்ப நியாயமான ஏற்பாடு. ஆனால் விண்டோஸில் ஓடிய எக்ஸ்ப்ளோரர் 5 அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மாறாக, 'எழுத்துகளை நடுவாக்கு' என்று சொன்னால் பெட்டியையே தூக்கி நடுவில் வைத்தது! வடிவமைப்பாளர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு உத்தரவையும் எழுதினார்கள். பிறகு பெட்டிக்குள் இருக்கும் எழுத்துகளுக்கு, 'நீங்க மட்டும் இடப்பக்கமே போயிடுங்க' என்று மூன்றாவதாக ஒன்று. மாமியாருக்கு ஒரு பதில், மருமகளுக்கு ஒரு பதில் என்று காலம் தள்ளுகிற புருஷனின் சாமர்த்தியம். 2001-இல் வந்த எக்ஸ்ப்ளோரர் 6 திருந்தியது. அதுவும் பக்கத்தின் முதல் வரியைச் சரியாக எழுதியிருந்தால்தான்.

இது உலகத்துக்கே பொதுவான தலைவலி. தமிழுக்கு இதற்கு மேல் ஒன்று இருந்தது. பெட்டி நடுவில் வந்தாலும் உள்ளே எழுத்து வரவேண்டுமே!

ஆரம்பத்தில் தமிழ்த் தளங்கள் ஆளுக்கொரு ஃபான்ட் வைத்திருந்தன. அதை இறக்கிக்கொள்ளாவிட்டால் திரையில் கிறுக்கல்தான். 1997-இல் ஃபான்ட் தானாகவே வந்து இறங்கும் வசதி வந்தது. அதிலும் நெட்ஸ்கேப்புக்கு ஒரு வகைக் கோப்பு, எக்ஸ்ப்ளோரருக்கு வேறு வகை. ஒரே பக்கத்துக்கு இரண்டு சமையல்.

1999 பிப்ரவரி 7, 8 தேதிகளில் சென்னையில் 'தமிழ் இணையம் 99' மாநாடு கூடியது. அப்போது முதல்வர் கருணாநிதி. கோபாலபுரம் என்றாலே அவர் வீடு என்று பத்திரிகைகள் எழுதிய காலம். அந்த மாநாட்டின் வழியாக 'தமிழ்99' விசைப்பலகையும், 'டாம்', 'டாப்' என்ற இரண்டு எழுத்துக் குறியீடுகளும் அரசின் தரமாயின. விசைப்பலகை இன்றைக்கும் வாழ்கிறது. குறியீடுகள் நிலைக்கவில்லை. பிரவுசர் செய்கிறவர்கள் கையில் எடுத்தது யூனிகோடை. என்னைக் கேட்டால், மாநாடு நான்கைந்து வருஷம் முன்னால் நடந்திருக்க வேண்டும்.

யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே 128 இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள், இந்திய அரசின் 'இஸ்கி' முறையை ஒட்டி. அதில் 'கோ'வுக்குத் தனி இடம் கிடையாது. முதலில் 'க', பின்னால் ஓகாரக் குறி. திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, பாதியை 'க'வுக்கு முன்னாலும் பாதியைப் பின்னாலும் வைக்க வேண்டும். இது தெரியாத கம்ப்யூட்டரில் 'க' அநாதையாக ஓரத்தில் நிற்கும். கொம்புக்கும் காலுக்கும் நடுவே, 'க' இருக்க வேண்டிய இடத்தில், ஒரு புள்ளி வட்டம். விண்டோஸ் எக்ஸ்.பி.யில் இதைச் சரிசெய்ய ஒரு கட்டத்தில் டிக் அடித்து, சி.டி.யைத் தேடிப் போட்டது ஞாபகம் இருக்கிறதா?

அதன்பிறகும் ஒரு கண்டம் மிச்சமிருந்தது. 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் வந்தது. நல்ல பிரவுசர். ஆனால் பத்தியின் இரு ஓரங்களும் புத்தகம் போல நேராக நிற்க வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தால், தமிழ் சிதறிப்போகும். வரியை இழுத்து நிரப்பும் அவசரத்தில் கொம்பையும் காலையும் பிரித்துப் போட்டுவிடும். அதே பக்கம் எக்ஸ்ப்ளோரரில் அழகாகத் தெரியும். தமிழில் எழுதியவர்கள் பலர் ஓரம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை என்று அந்த உத்தரவையே அழித்தார்கள். 2008 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்பில்தான் விமோசனம்.

2010 ஜூன் மாதம், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடைத் தரமாக ஏற்றுத் தமிழக அரசு ஆணை போட்டது. முதல்வர் மறுபடி கோபாலபுரத்துக்காரர்தான்.

சரி, ஆளுக்கொரு ஃபான்ட் காலத்தில் எழுதிய பக்கங்களெல்லாம் என்னவாயின? நெட்ஸ்கேப்பின் ஃபான்ட் வசதி அதன் ஆறாம் பதிப்பிலேயே போய்விட்டது. எக்ஸ்ப்ளோரருக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் விடை கொடுத்துவிட்டது. அப்படி ஒரு பழைய பக்கம் மிஞ்சியிருந்தால் இன்றைய பிரவுசரில் திறந்து பாருங்கள். 'சென்டர்' கட்டளையை வழக்கொழிந்தது என்று எப்போதோ தள்ளிவைத்துவிட்டார்கள். ஆனாலும் பிரவுசர்கள் அதற்கு இன்னும் கட்டுப்படுகின்றன. ஆகவே தலைப்பு, நூல் பிடித்த மாதிரி கச்சிதமாக நடுவில் நிற்கும். கதையா, கவிதையா, இரங்கல் செய்தியா என்றுதான் தெரியாது. எழுத்துகள் இருக்கும் இடத்தில், தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். எந்த ஃபான்ட்டில் அடித்தது என்று தெரிந்தால், மாற்றித் தரும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. அடித்தவருக்காவது அது நினைவிருக்க வேண்டும்.