டன்பார் உயர்நிலைப் பள்ளி வரலாறு

ஒரு பள்ளி நற்பெயர் பெறுங்கால், "அங்கே செல்வர் மக்கள் பயில்கின்றனர், தேர்ச்சிக்குக் குறைவென்னை?" என்பதும், தாழ்வுறுங்கால், "அங்கே சேர்வோர் இன்னார் மக்கள். அவர்க்குக் கல்வி எங்ஙனம் ஏறும்?" என்பதும் உலகத்தார் கூற்று. இருபதாண்டிற்கு மேலாக ஆசிரியத் தொழில் புரிந்துவரும் நாம் இவ்விரு சொற்களையும் பலகாற் கேட்டு வருந்தியதுண்டு. மாணாக்கரின் குடிநிலைக்கும் அவர்தம் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு இத்துணை எளியதன்று என்பதனை விளக்க, அமெரிக்க நாட்டின் தலைநகராகிய வாஷிங்டனில் உள்ள டன்பார் உயர்நிலைப் பள்ளியின் வரலாறு தக்க சான்றாகும். அதனை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

வாஷிங்டன் நகரில் அடிமை முறை ஒழிந்தது 1862ஆம் ஆண்டில். அதற்கு எட்டாண்டு கழித்து, 1870இல், கருப்பினச் சிறார்க்கென ஓர் உயர்நிலைப் பள்ளி அந்நகரில் தோன்றிற்று. அதற்குக் கிடைத்த முதல் இடம் ஒரு கிறித்துவக் கோயிலின் நிலவறையே. விற்கவும் வாங்கவும் பட்ட மக்களின் பிள்ளைகள் ஏடெடுத்து அமர்ந்த இடம் அது. 1891இல் எம் தெருவிற் கட்டிய இல்லத்திற்குப் பள்ளி பெயர்ந்து, அத்தெருவின் பெயராலேயே வழங்கலாயிற்று. 1916இல் வேறொரு புதிய கட்டடம் எய்தியபோது, கருப்பினக் கவிஞராகிய பால் லாரன்ஸ் டன்பாரின் பெயரைப் பூண்டது.

இனி, அங்குக் கற்பித்தோர் யாவர் என்பதனைக் காண்போம். தொடக்கக் காலத்துத் தலைமையாசிரியருள் ஒருவர் மேரி ஜேன் பாட்டர்சன் அம்மையார். 1862இல் ஓபர்லின் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். மற்றொருவர் ரிச்சர்டு கிரீனர். ஹார்வர்டு கல்லூரியிற் பட்டம் பெற்ற முதற் கருப்பினத்தவர். பின்னர், கருப்பின வரலாற்றாராய்ச்சியின் தந்தை எனப் போற்றப்படும் கார்ட்டர் வுட்சனும் அங்கே ஆசிரியராக விளங்கினார். இத்தகைய பேரறிஞர் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வந்தமைந்த காரணம் யாதெனின், வெள்ளையர் பல்கலைக் கழகங்கள் அவர்க்குக் கதவடைத்தமையே. மேலும், தலைநகரில் இரு நிறத்து ஆசிரியர்க்கும் ஊதியம் ஒப்பவே வழங்கப்பட்டது. ஆகவே கற்றோர் பலர் இப்பள்ளியை நாடினர்.

இவருள் அன்னா ஜூலியா கூப்பர் அம்மையாரை நாம் தனித்து நினைத்தல் வேண்டும். அடிமைத் தாயின் வயிற்றிற் பிறந்த இவர் 1902இல் தலைமையாசிரியரானார். கருப்பினப் பிள்ளைகட்குக் கைத்தொழிற் கல்வியே போதுமென்னும் கொள்கை அந்நாளில் ஓங்கி நின்றது. அம்மையாரோ இலத்தீனும் கணிதமும் குறையாது கற்பித்தல் வேண்டுமென்று உறுதியாக நின்று, தம் மாணாக்கரை ஹார்வர்டு முதலிய கல்லூரிகட்கு அனுப்பினார். மேலிருந்தோர் பிணக்குற்றமையால் 1906இல் பதவியிழந்தார். எனினும் 1910இல் அதே பள்ளிக்கு ஆசிரியராக மீண்டார். அறுபது வயது கடந்தபின், 1925இல், பாரிசுப் பல்கலைக் கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1964இல் இவர் மறைந்தபோது நூறாண்டு கடந்திருந்தார்.

மாணாக்கர் தேர்ச்சி எத்தகையது? 1899இல் அந்நகரத்து உயர்நிலைப் பள்ளிகள் நான்கிற்கும் ஒரே தேர்வு நடைபெற்றது. வெள்ளையர் பள்ளிகள் மூன்றனுள் இரண்டினை இப்பள்ளி விஞ்சிற்று. செல்வர் மக்கள் ஆதலின் வென்றனர் என்பார்க்கு அப்பள்ளியின் ஏடே விடை கூறும். 1892-93ஆம் ஆண்டில், தொழில் தெரிந்த பெற்றோருள் கூலியாளர் 51 பேர், மருத்துவர் ஒருவரே. பிற்காலத்தும் அங்கே வகுப்புகளில் நெருக்கம் மிகுதி, கரும்பலகைகள் வெடிப்புற்றிருந்தன. வெளிறிய நிறத்தார்க்கும் வசதியுடையார்க்கும் அங்கு ஏற்றம் தரப்பட்டதென்று அவ்வினத்தாருள்ளேயே குறை கூறினாரும் உளர். அக்குறையை நாம் மறைத்தல் தகாது. ஆயினும் பெரும்பான்மையோர் எளியோர் மக்கள் என்பது தெளிவு.

அவர்கள் அடைந்த நிலையோ பெரிது. குருதியின் தெளிநீரைப் பிரித்துச் சேமிக்கும் முறையை வளர்த்த மருத்துவர் சார்லஸ் டுரூ, 1937இல் நடுவண் நீதிபதியான முதற் கருப்பினத்தவராகிய வில்லியம் ஹேஸ்டி, 1940இல் படைத்தலைவரான பெஞ்சமின் டேவிஸ், 1966இல் அமைச்சரான இராபர்ட் வீவர் ஆகியோர் இப்பள்ளியின் பிள்ளைகளே.

வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டனும் இங்குப் பயின்றவரே. நிறம் பற்றிப் பள்ளிகளைப் பிரிக்கும் சட்டத்தை வேரறுக்க வாழ்நாளைச் செலவிட்ட அவர், தலைநகரப் பள்ளிகள் பற்றிய வழக்கிற்கும் வித்திட்டு, 1950இல் மறைந்தார். 1954ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் உயர்தனி நீதிமன்றம் அப்பிரிவினை செல்லாதெனத் தீர்த்தது. இப்பள்ளி ஈன்ற மகன் தொடங்கிய போர் வென்றது. ஆனால் அவ்வெற்றியே இப்பள்ளியின் நிலையையும் மாற்றிற்று. முன்னர் நகர் முழுதும் உள்ள கருப்பினக் குடும்பத்தார் விரும்பித் தம் மக்களை அனுப்பினர். பின்னரோ அது அண்டையில் வாழ்வோர்க்கே உரிய பள்ளியாயிற்று. முனைப்புடைய மாணாக்கர் பலர் வேறிடம் சென்றனர். கற்ற ஆசிரியர்க்கும் வேறு வாயில்கள் திறந்தன. சில ஆண்டுகளுள் தேர்ச்சி வீழ்ந்தது. பழைய கட்டடமும், பழைய மாணாக்கர் தடுத்தும் நில்லாது, 1977இல் இடிக்கப்பட்டது.

இதனைக் கொண்டு பிரிவினையே நன்றென்பார் உளராயின் அவர் பெரிதும் பிழைபட்டார். பிரிவினை ஆயிரம் வாயில்களை அடைத்து ஒரு வாயிலை விட்டது. அவ்வொன்றிற் குவிந்த அறிஞர் கூட்டமே பள்ளியை உயர்த்திற்று. அநீதி ஒழிய வேண்டியதே. ஆயினும், அநீதியின் நடுவே எளியோர் கட்டிய நன்மையை, அது நீங்கும்போது எங்ஙனம் காப்பதென்று ஆளுவோர் எண்ணாது விட்டனர். அதுவே நாம் வருந்தத்தக்கது. அதற்கு விலை கொடுத்தோர் பின்வந்த ஏழைச் சிறாரே.

அன்பர்காள், மாணாக்கரின் நிறம் 1954க்கு முன்னும் பின்னும் ஒன்றே. வறுமையும் முன்பே இருந்தது. மாறியவை ஆசிரியர் நிலையும், கற்பித்த பாடத்தின் உயர்வும், பெற்றோர் விரும்பித் தேர்ந்த தேர்வுமே. ஆதலின், நும் மக்கள் பயிலும் பள்ளிக்குச் சென்று, "இங்கு யார் மக்கள் படிக்கின்றனர்?" என்று வினவுதலை விடுத்து, "இங்கு யார் கற்பிக்கின்றனர்? எதனைக் கற்பிக்கின்றனர்?" என்று வினவுமின். அவ்வினாவைக் கேட்கும் பெற்றோர்க்கு விடை கூறும் கடமை எம்மனோராகிய ஆசிரியர்க்கு உண்டு.